மேவா என்ற பேர்

சருகு மாதம், 9

விறகு ஈரம். விலாங்கு மீன் வாட்டும் கொட்டகை முழுக்கப் புகைதான், சூடு இல்லை. விலாங்குகள் பாதி பதமாகவும் பாதி பச்சையாகவும் கொக்கியில் தொங்குகின்றன. நாளெல்லாம் இருமினேன்.

மத்தியானம் லிஸ்கி சூப் கொண்டுவந்தாள். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரு பிடி உப்புக் கொடுக்காதவள், இப்போது வாரம் தவறாமல் சட்டியோடு வருகிறாள்.

"இன்னும் எந்திரிச்சு வேலை பாக்கறியா மேவா? பேசாமப் படுத்துக்கக் கூடாதா?"

"படுத்தா விலாங்கை யாரு திருப்பி மாட்டுவா?"

"அதுவும் சரிதான். மூச்சு எப்படி இருக்கு? இழுக்குதா?"

இழுக்கிறது என்று சொன்னால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இல்லை என்றேன். சூப்பில் கறி தாராளமாகவே இருந்தது.

இந்த வருடம் எங்கள் ஊர் கெஸ்தத்தில் யாரும் சாகவில்லை. அதுதான் விஷயம். ஆள் செத்தால்தானே பேர் காலியாகும். போன குளிரில் போன கிழவர்களின் பேர்களெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்ந்துவிட்டன. இப்போது என் தம்பி மனைவி பெர்னாவுக்கு மாதம் நிறைந்திருக்கிறது. பிறக்கப்போவதற்குக் கொடுக்க ஊரில் ஒரு பேர் மிச்சமில்லை. இருமுகிறவள் நான் ஒருத்திதான்.

சருகு மாதம், 14

"ஏய் தோரி! மரத்தை விட்டு இறங்குடி! மூக்கைத் தொடைடி!"

எதிர்வீட்டுக்காரி தன் மகளைத் திட்டிய சத்தம். என் கை நின்றுவிட்டது. தோரி என் புருஷன் பேர். அவன் செத்த மாதமே இந்தப் பிள்ளை பிறந்தது, பேர் அதற்குப் போயிற்று. இப்போது முன்பல் விழுந்து, முழங்காலெல்லாம் சிராய்ப்போடு என் வாத்துகளைத் துரத்திக்கொண்டு திரிகிறாள். அவள்மேல் கோபப்பட முடியவில்லை. 'தோரி, வாத்தை விடு' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அந்தப் பேரை எப்படிச் சொன்னாலும் வேறு குரலாக வந்துவிடுகிறது.

சருகு மாதம், 20

பெர்னாவுக்குப் பெண் பிறந்தது. சின்னது, என் முழங்கை நீளம்கூட இல்லை.

பேரில்லாத பிள்ளையைத் தொட்டிலில் போடக்கூடாது. மீன்கூடையில் படுக்கவைத்து, முகத்தில் கரி பூசியிருக்கிறார்கள். நாணலுக்குள் இருக்கும் பிள்ளைபிடிக்கிற கவ்வி வந்து எட்டிப் பார்த்தால் சுட்ட மீன் என்று நினைத்துப் போய்விட வேண்டும். கரி என் கொட்டகையிலிருந்துதான் போனது. தம்பி யாசுக் வந்து அள்ளிக்கொண்டு போனான். முன்னால் பிறந்த இரண்டுக்கும் இப்படித்தான் வந்து அள்ளினான். இரண்டும் பேர் வாங்காமலே போய்விட்டன.

அள்ளும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சருகு மாதம், 27

பேர்க்காவலர் துர்வெக் வந்தார். செத்தவர்களின் பேரை வாங்கி வைத்து, பிறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் ஒரு வீட்டுப் படியேறினாலே அந்த வீட்டு நாய்கூட ஊளையிடும் என்பார்கள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"இந்தப் பக்கம் என் வீட்டைத் தவிர வேற என்ன இருக்கு துர்வெக்?"

சிரித்தார். உட்கார்ந்தார். நான் இருமி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன்: "ஏன், புதுசா ஒரு பேர் வெச்சாத்தான் என்ன?"

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நாணல் பக்கம் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

பிறகு எல்லோருக்கும் தெரிந்த கதையை எனக்குத் தெரியாததுபோலச் சொன்னார். முதன்முதலில் ஏரிக்காரர்களுக்கான பேர்களை ஒரு நாரை பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தது. பையில் ஓட்டை. வழியெல்லாம் சிந்தி, கெஸ்தத்தில் வந்து விழுந்தது இவ்வளவுதான். இவ்வளவுக்குள்தான் நாம் பிறந்து செத்துக்கொள்ள வேண்டும். ஓடக்காரன் பெண்டாட்டி ஒருத்தி கேட்கவில்லை. தானாக ஒரு பேர் கட்டி, வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிட்டாள். பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. நாணலை விலக்கிக்கொண்டு ஏதோ ஒன்று சொட்டச்சொட்ட நனைந்து வந்து, 'கூப்பிட்டீங்களா?' என்று கேட்டது.

"இல்லாத பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, யார் வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் துர்வெக்.

பிறந்ததிலிருந்து கேட்கிற கதை. இன்றைக்கும் முதுகு சில்லிட்டது. என்ன செய்ய?

மூடுபனி மாதம், 2

பிள்ளை பால் குடிக்கவில்லையாம்.

மூடுபனி மாதம், 5

யாசுக் வந்தான். கோடாலியை எடுத்து விறகு பிளக்க ஆரம்பித்தான். பிளந்ததை அடுக்கினான். அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினான்.

"உடம்பு எப்படிக்கா இருக்கு?"

"நான் சாகலைடா."

கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அழுதான். நான் வளர்த்த பிள்ளை. பசித்தால்கூட இப்படி அழுததில்லை. "நான் அதுக்கு வரலைக்கா, சத்தியமா அதுக்கு வரலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்குத்தான் வந்தான். பாவம், அவனுக்கே அது தெரியாது.

எல்லாரும் நான் எப்படா போவேன்னு நிக்கறாங்க. சூப்பு கொண்டாறாங்க, போர்வை கொண்டாறாங்க, தலகாணி எடுத்துப் போடறாங்க. இந்த உசுரும் போய்த் தொலைய மாட்டேங்குது, இருமிக்கிட்டே கெடக்குது. நான் என்ன பண்ணட்டும்? பிடிச்சு வெச்சுக்கிட்டா இருக்கேன்? — போதும். கை வலிக்கிறது.

மூடுபனி மாதம், 6

பெர்னா வந்தாள். பிரசவித்த உடம்போடு சேற்றில் நடந்து வந்திருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கல்யாணத்தன்றே என் விலாங்கில் உப்பு அதிகம் என்று சபையில் சொன்னவள்.

"விலாங்குக் கொழுப்பு வேணும் மதினி. உருக்கி நெஞ்சுல தடவணும். பிள்ளைக்குச் சளி கட்டிக்கிட்டு மூச்சு விட முடியாமத்தான் பால் குடிக்கலை. இவங்க எல்லாம் கவ்வி கவ்வின்னு கூடையைச் சுத்திக் கரி பூசிக்கிட்டு நிக்கறாங்க. கரி மூக்குல போய் இன்னும் மோசம்."

ஒரு கலயம் நிறைய வழித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க சாகணும்னு நான் வேண்டிக்கலை. வேண்டிக்கத் தோணுச்சு. கூடையைப் பாக்கறப்பல்லாம் தோணுச்சு. வேண்டிக்கலை."

போய்விட்டாள். இந்த இரண்டு மாதத்தில் என்னிடம் வந்து பேரைத் தவிர வேறு ஒன்றைக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

மூடுபனி மாதம், 8

துர்வெக்கிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கும்போதே பேரைக் கொடுக்கலாம். வழக்கத்தில் உண்டு. அவர் காலத்தில் யாரும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

"யோசிச்சியா? செத்தவளுக்கு என்னவோ அதுதான் உனக்கும். யாரும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க. பேரும் கிடையாது, அக்கா தங்கச்சின்னு முறையும் கிடையாது. 'ஏய்'னுகூடச் சொல்ல மாட்டாங்க. உன் கூடப்பொறந்தவனும்தான்."

"தெரியும்."

"அப்புறம் ஆசைப்பட்டு அந்தப் பேருக்கு ஒருதரம் 'ம்' கொட்டினாலும் போச்சு. பேர் உங்கிட்டத் திரும்பிடும். பிள்ளை மறுபடி வெறும் பிள்ளை."

"தெரியும் துர்வெக். கதை சொல்லாதீங்க. எனக்கு அலுப்பா இருக்கு."

பாசத்தினால் கொடுக்கிறேனா என்று வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் உண்டு. மிச்சம், என்னைப் பார்க்கிற இந்தக் கண்களை இனிமேல் தாங்க முடியாது. அவ்வளவுதான்.

மூடுபனி மாதம், 10

முடிந்தது.

ஊரெல்லாம் ஏரிக்கரையில் நின்றது. சடங்குக்குக் காத்திருக்கையில் பெர்னா என் பக்கத்தில் நகர்ந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "கொழுப்பு கேட்டுச்சு மதினி. நேத்தே சளி இளகிடுச்சு. காலையில ரெண்டு பக்கமும் குடிச்சா."

அப்படியானால் பேர் இல்லாமலே பிழைத்துவிட்டது. நான் துர்வெக்கைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். 'நிறுத்துங்கள்' என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? ஊர் கூடி நின்றது. பிள்ளை கூடையில் கிடந்தது. பேர் இல்லையென்றால் நாளைக்கு இன்னொரு சளிக்கு மறுபடி கரி பூசுவார்கள். சொல்லவில்லை.

கடைசியாக யாசுக் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. "மேவாக்கா" என்றான். "என்னடா" என்றேன். துர்வெக் என் கால் பதிந்த மணலைக் கலைத்துவிட்டார். பிள்ளையின் காதில் மேவா என்று சொன்னார்கள். பிள்ளை தும்மியது. எல்லோரும் சிரித்தார்கள். நான் கொட்டகைக்கு நடந்தேன். வழிவிட்டவர்கள் எனக்கு வழிவிட்டதுபோல இல்லை, காற்றுக்கு விட்டதுபோல இருந்தது.

மூடுபனி மாதம், 22

லிஸ்கியின் சூப் நின்றுவிட்டது.

பனிக்கட்டி மாதம், 7

வியாபாரம் இப்படி நடக்கிறது: விலாங்குகளைக் கொட்டகை வாசலில் தொங்கவிட்டு நான் முதுகைத் திருப்பிக்கொள்கிறேன். எடுத்துக்கொண்டு பார்லியோ எண்ணெயோ வைத்துவிட்டுப் போகிறார்கள். வந்தது யார் என்று நடையை வைத்துத் தெரியும். லிஸ்கி பெரியதாகப் பொறுக்கி எடுக்கிறாள், வைக்கும் பார்லியில் பாதி உமி. செத்தவள் சண்டைக்கு வரமாட்டாள் என்ற தைரியம்.

செத்தவளுக்கும் இருமல் நிற்கவில்லை.

பனிக்கட்டி மாதம், 19

தண்ணீருக்குப் போகும் வழியில் தம்பி வீட்டைத் தாண்ட வேண்டும். உள்ளே பெர்னாவின் குரல்: "மேவா, அழாதே. மேவா, இதோ வந்துட்டேன். மேவா, என்னடி கண்ணு வேணும் உனக்கு?"

ஒவ்வொரு தடவையும் என் கால் நின்றுவிடுகிறது. குடத்தை இறக்கிவைப்பதுபோல நடிக்கிறேன். யார் பார்க்கிறார்கள் என்று நடிக்கிறேனோ.

இளகல் மாதம், 3

இன்று வாய்விட்டு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. நேற்றும்.

இளகல் மாதம், 13

நேற்று எழுத முடியவில்லை.

விறகு தீர்ந்துவிட்டது. பேர் இல்லாதவளுக்கு யார் விற்பார்கள்? படகை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனேன். ஏரியில் பனிக்கட்டி உடைந்து மிதக்கிறது, ஆனால் வழி இருந்தது. வெட்டி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நடு ஏரியில் மூடுபனி இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. எங்கிருந்தோ அருவிச் சத்தம். ஏரி வழிந்து பள்ளத்தில் விழுகிற இடம். எந்தப் பக்கம் என்று புரியவில்லை. எல்லாப் பக்கமும் கேட்டது.

பனியில் மாட்டிக்கொண்டால் கரையில் இருப்பவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் வந்து சேருகிறோம். நேற்றும் மீன்பிடிக்கப் போனவர்களைக் கூப்பிட்டார்கள். "ஓல்த்தோ!" என்று ஒரு குரல். "வந்தேன்" என்றான் எனக்கு வலப்பக்கம் ஓல்த்தோ. "யாசூக்! யாசூஊக்!" பெர்னாவின் குரல். "இதோ!" என்று என் தம்பி. ஒவ்வொரு துடுப்பாக என்னைத் தாண்டிப் போயிற்று. நானும் பின்னாலேயே போனேன். ஒரு பெரிய பனிக்கட்டி மோதி படகைச் சுற்றிவிட்டது. மறுபடி திசை போயிற்று. பிறகு குரல்களும் நின்றுவிட்டன. போனவர்கள் எல்லோரும் வந்தாயிற்று என்று கரையில் இருப்பவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம்.

இருமினேன். வேண்டுமென்றே இருமினேன். இருமலுக்குப் பேர் இல்லையே. யாராவது கேட்கட்டும் என்று.

படகு தானாக நகர்வதை உணர்ந்தேன். துடுப்புப் போடாமலே. நீர் இழுக்கிறது. சரி, இவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் பயம்கூட வரவில்லை. ஓய்வு என்று தோன்றியது.

அப்போது —

"மேவா!"

பெர்னா. தொண்டை கிழிய.

"மேவா! மேவாஆ! இங்கடி! அம்மா இங்கதான் இருக்கேன், இங்க பாரு! மேவா!"

கூடவே ஒரு பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம். காதருகில் இப்படிக் கத்தினால் எந்தப் பிள்ளை அழாது?

எனக்குப் புரிந்தது. என் இருமல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிடுகிறாள். யாரும் குற்றம் சொல்ல முடியாது. 'வந்தேன்' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. போர்வை நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். பதில் சொன்னால் பிள்ளைக்குப் பேர் போய்விடும். சொல்லாமல் துடுப்பைப் போட்டேன். அவள் விடவேயில்லை. குரல் கம்மி, உடைந்து, கடைசியில் வெறும் காற்றாக வந்தது. "மேவா... மேவா..." அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

படகின் மூக்கு சேற்றில் ஏறியது. பெர்னா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துவிட்டு, கையிலிருந்த பிள்ளையிடம் சொன்னாள்: "இங்கதான் இருக்கியா தங்கம். நான் பயந்தே போயிட்டேன்."

யாசுக் படகைக் கரைக்கு இழுத்தான். "யார் படகோ, மிதந்து வந்திருக்கு" என்று ஊருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான். இழுக்கும்போது அவன் கை என் கைமேல் பட்டது. எடுக்கவில்லை.

இளகல் மாதம், 15

துர்வெக் தம்பி வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார். குடத்தோடு நின்று கேட்டேன்.

"கையில இருக்கற பிள்ளையை எதுக்குடி ஏரியைப் பாத்துக் கத்தினே?"

"எம் பிள்ளை. நான் எங்க பாத்து வேணாலும் கத்துவேன்." குரல் இன்னும் சரியாகவில்லை, தவளைபோல இருந்தது.

"காதுகிட்ட வாயை வெச்சுக் கத்தற அளவுக்கு என்ன?"

"காது மந்தமோன்னு சந்தேகம் எனக்கு. அதான் பாத்தேன். நல்லாத்தான் கேக்குது, உங்க தயவுல."

துர்வெக் வாசல் படியிலிருந்து இறங்கினார். பிறகு, "தண்ணியில இறங்கியா கத்துவே? ஜன்னி வந்தா என்ன ஆகும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைத் தாண்டிப் போகையில் நடையை மெதுவாக்கினார்.

கன்று மாதம், 11

பெர்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வருகிறாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பிள்ளையிடம் பேசுகிறாள்.

"மேவா, சாப்பிட்டியா?"

பதிலுக்குக் காத்திருக்கிறாள். நான் ஒருதரம் இருமினேன்.

"என்ன சாப்பிட்டே? வெறும் பார்லிக் கஞ்சியா? அதுல என்ன இருக்கு? மேவா, அந்த மூலையில அவிச்ச முட்டை வெச்சிருக்கேன், பாத்தியா? இந்த விலாங்குல இன்னும் உப்பு அதிகம்தான், மேவா."

நெடுநாள் கழித்துச் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போகும்வரை உட்கார்ந்தே இருந்தாள்.

சருகு மாதம், 24

பிள்ளை நடக்கிறது. நான்கு எட்டு வைத்து விழுகிறது. பெர்னா தினமும் "புகைக் கொட்டகைக்குப் போலாமா?" என்று கேட்டுத் தூக்கிவருவதால் அதன் வாயில் புகை என்ற சொல் புகுந்துவிட்டது. இன்று வாசலில் நின்று, கொக்கி மாட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, நன்றாக விரலை நீட்டி,

"புக்கா!"

பெர்னா அதன் வாயைப் பொத்தினாள். பொத்திய விரலுக்கு நடுவிலிருந்து மறுபடி, "புக்கா! புக்கா!"

தெருவில் போய்க்கொண்டிருந்த லிஸ்கி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஊரே நாணலைப் பார்த்துக்கொண்டு நின்றது. புதுப்பேர் ஒன்று வெளியே சொல்லப்பட்டுவிட்டது. பேருக்குரியது வரும். ஓல்த்தோ மீன் ஈட்டியை எடுத்துவந்தான். காற்றில் நாணல் அசைந்தபோதெல்லாம் பெண்கள் கத்தினார்கள். ஒரு வாத்து வந்தது. தோரி துரத்திய வாத்து.

இருட்டும்வரை வேறு ஒன்றும் வரவில்லை.

பெர்னா மட்டும் நாணலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நேராக, முகத்துக்கு நேராக. அப்போதுதான் எனக்கே தெரிந்தது: பிள்ளை கூப்பிட்டதும் நான் கொக்கியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போயிருக்கிறேன். யோசிக்கவேயில்லை. கூப்பிட்டார்கள், போனேன்.

மூடுபனி மாதம், 4

பிள்ளை தெருவெல்லாம் புக்கா என்று சொல்லித் திரிகிறது. அடிக்கவும் முடியாது, வாயைத் தைக்கவும் முடியாது. தோரி கற்றுக்கொண்டுவிட்டாள். நேற்று யாசுக் விறகைப் போட்டுவிட்டு, யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்து, மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவனுக்கு வெட்கம். எனக்கும்.

மூடுபனி மாதம், 17

இருமல் அப்படியேதான் இருக்கிறது. முதுகு வலி.

காலையில் வாசலில் விலாங்கைத் தொங்கவிட்டு வழக்கம்போலத் திரும்பி நின்றேன். துர்வெக்கின் நடை. வந்தவர் எடுக்கவில்லை. தொண்டையைச் செருமினார். நாணல் பக்கம் ஒருதரம் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன், செருப்புத் திரும்பும் சத்தம் கேட்டது.

"புக்கா" என்றார். "நல்ல கொழுத்ததா ரெண்டு எடு. போன தடவை மாதிரிக் காய்ஞ்சதை என் தலையில கட்டாதே."

திரும்பினேன். கொழுத்ததாகவே எடுத்துக் கொடுத்தேன்.